நாளுக்குப் பத்து நிமிடம்: எம் பிள்ளைகளும் எழுத்துத் தமிழும்

புலம்பெயர்ந்த மண்ணில் பிறந்து வளரும் எமது பிள்ளைகள் தமிழ் பேசுவார்களா என்ற கேள்வியை நாம் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றோம். 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் வந்து சேர்ந்த தலைமுறை, தனது வதிவிட அனுமதி உறுதியாவதற்கு முன்னரே பிள்ளைகளுக்கான தமிழ் வகுப்புகளைத் தொடங்கியது. யேர்மனியில் தமிழாலயங்கள், பிரான்சில் தமிழ்ச்சோலைகள், நோர்வேயில் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் என அந்த உழைப்பு இன்றும் எம் கண்முன் நிற்கின்றது. வார இறுதி ஓய்வைத் துறந்து கற்பித்த ஆசிரியர்களால் பேச்சுத் தமிழ் பல வீடுகளில் காப்பாற்றப்பட்டுள்ளது. ஆயினும் எம் பிள்ளைகள் தமிழில் எழுதுவார்களா என்ற கேள்வியை எவரும் உரத்துக் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கும் விடை எமக்கு உவப்பானதாக இராது என்பதே அதற்குக் காரணமாகலாம்.

யேர்மனியின் ரூர் பகுதியில் சனிக்கிழமைகளில் தமிழ் கற்பிக்கும் பலருள் நானும் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன்னர் எனது வகுப்பில் ஏழாம் ஆண்டு மாணவி ஒருத்தி பனைமரம் பற்றிய கட்டுரைக்கு மிக உயர்ந்த புள்ளிகளைப் பெற்றாள். கற்பகதரு என்ற சொல்லும், ஒடியல், பனாட்டு, புழுக்கொடியல் ஆகிய பெயர்களும் பிழையின்றி அதில் வந்திருந்தன. அவள் தன் வாழ்நாளில் பனைமரத்தைக் கண்டதில்லை. அடுத்த வாரம் அதே பிள்ளையிடம், "இன்று காலை உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று ஐந்து வரி எழுதுங்கள்" என்றேன். இருபது நிமிடங்கள் கழிந்தன. தாளில் மூன்று வரிகளே இருந்தன: "நான் எழும்பினது. அம்மா பாண் தந்தது. நான் ஒரு தம்பி வைத்திருக்கிறேன்."

மூன்றாவது வரியைப் பார்த்து வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. டொச் மொழியில் தம்பியையும் பூனையையும் காய்ச்சலையும் ஒருவர் "வைத்திருப்பார்". அந்தப் பிள்ளை டொச் மொழியில் சிந்தித்துத் தமிழ்ச் சொற்களை அதன்மேல் அடுக்கியிருந்தாள். பனைமரக் கட்டுரையை எழுதியது அவளது நினைவாற்றல்; தம்பியைப் பற்றிய வரியை எழுதியதுதான் அவள். ஏழு ஆண்டுகள் நாம் அந்த நினைவாற்றலுக்குப் புள்ளி வழங்கிவிட்டு, அவளுக்குத் தமிழ் கற்பித்ததாக எண்ணிக்கொண்டிருந்தோம். இக்குற்றச்சாட்டில் என்னையும் சேர்த்தே எழுதுகின்றேன்.

இன்னொரு சம்பவம். எனக்கு நன்கு தெரிந்த தந்தை ஒருவரின் ஒன்பது வயது மகள், ஊரிலுள்ள தன் அம்மம்மாவுக்குத் தானாகவே ஒரு கடிதம் எழுதினாள். "நீ எப்படி இருக்கிறாய்? நீ எப்போது இங்கே வருவாய்?" என்று அது தொடங்கியது. பேசும்போது அந்தப் பிள்ளை அம்மம்மாவை "நீங்கள்" என்றே சொல்வாள். எழுத உட்கார்ந்தபோது, வகுப்பில் மனனம் செய்த நான், நீ, அவன், அவள் என்ற அட்டவணையே அவள் கைக்கு வந்தது. டொச் மொழியில் பாட்டியையும் தோழியையும் ஒரே சொல்லால் விளிக்கலாம் என்பதும் அதற்குத் துணைநின்றது. தந்தை அக்கடிதத்தைத் திருத்தி எழுதுவித்து அனுப்பலாம் என்று மேசை லாச்சியில் வைத்தார். வேலை, நேரமின்மை என்று நாட்கள் ஓடின. அதற்கிடையில் அம்மம்மா காலமாகிவிட்டார். கடிதம் இன்னும் லாச்சியில்தான் கிடக்கின்றது.

பிள்ளைகளுக்கு இலக்கணம் வேண்டுமா என்று கேட்கும் பெற்றோருக்கு நான் இந்தக் கடிதத்தையே நினைவூட்டுவதுண்டு. அதில் இருந்த இலக்கணப் பிழை ஒன்றே ஒன்றுதான். அதற்காக அது அனுப்பப்படாமல் இருந்திருக்கவும் கூடாது என்பது வேறு விடயம். அதற்குப் பின்னர் வருகின்றேன்.

வார இறுதி வகுப்பால் இதனைச் சரிசெய்ய இயலாது. இதனை எந்தப் பள்ளியையும் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. எளிய கணக்கு இது. எனது வகுப்பில் ஒருநாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டரை மணி நேர வகுப்பில் வரவு எடுத்தல், வீட்டுப்பாடம் பார்த்தல், வாசிப்பு, விளக்கம், இடைவேளை, விழா ஒத்திகை எல்லாம் போக, ஒரு பிள்ளையின் பென்சில் தாளில் உண்மையாக நகர்ந்த நேரம் பதினான்கு நிமிடங்கள். அடுத்த பதினான்கு நிமிடங்களுக்கு அப்பிள்ளை ஏழு நாட்கள் காத்திருக்க வேண்டும். வீட்டில் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால், ஆறு நாட்களில் ஒரு மணி நேரம் ஆகின்றது. வகுப்பு தருவதைப் போல நான்கு மடங்கு!

நேரத்தின் அளவு மட்டுமன்று, அது பகிரப்படும் முறையும் முக்கியமானது. நினைவாற்றலைப் பற்றி ஆராய்ந்த யேர்மனிய அறிஞர் ஹெர்மன் எபிங்கவுஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கின்றது என்று அளந்து 1885 இல் நூலாக வெளியிட்டார். ஒரே அமர்வில் பலமுறை திரும்பத் திரும்பப் படிப்பதிலும், அதே உழைப்பைப் பல நாட்களுக்குப் பிரித்துப் படிப்பது மனத்தில் நிலைக்கும் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. இதனை நான் நூலில் படிப்பதற்கு முன்னர் என் வீட்டிலேயே பட்டு அறிந்தேன். என் மூத்த மகளை ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் இருத்தி எழுதுவித்தேன். பதினொரு வயதில் அவள் தமிழ்க் கொப்பியைக் குப்பைக்கூடையில் போட்டாள். இளையவனுக்கு இரவு உணவின் பின் பத்து நிமிடம் என்று மாற்றிக்கொண்டேன். அவன் இன்றும் எழுதுகின்றான். மகள் என்னை மன்னித்துவிட்டாள் என்றே நம்புகின்றேன்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது? தடித்த அட்டைக் கொப்பி ஒன்று, பென்சில் ஒன்று, மாறாத நேரம் ஒன்று, இவை போதும். ஐந்து, ஆறு வயதில் உறுப்பெழுத்து. முன்னர் ஊரில் ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்துப் பச்சையரிசியில் எழுதுவித்தோம். திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதினார்கள். விரல் வளைவை உணர்ந்த பின்னரே பென்சில். இங்கும் ஒரு தட்டில் மாவைப் பரப்பி எழுத விடலாம். தமிழ் எழுத்துகள் 247 என்று சொல்லிப் பிள்ளையை மிரட்ட வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இந்த 31 உம் தெரிந்து, கால், கொம்பு, சுழி முதலிய குறிகளும் தெரிந்துவிட்டால் எஞ்சிய 216 உயிர்மெய்களுள் மிகப் பெரும்பாலானவை தாமாகவே வரும். உகர, ஊகாரங்கள் மட்டுமே கொஞ்சம் முரண்டு பிடிப்பவை. அவற்றுக்கு ஒரு மாதம் கொடுங்கள்.

ஏழு வயதில் நாளொன்றுக்கு ஒரு வாக்கியம். ஒன்றே ஒன்று. அன்று நடந்த ஏதாவது ஒன்றைப் பற்றியதாக, பிள்ளையே சொல்லி, பிள்ளையே எழுதியதாக இருக்க வேண்டும். "அறிவுரை கூறும் வாக்கியமாக எழுது", "நல்ல வாக்கியமாக எழுது" என்றெல்லாம் தலையிடக் கூடாது. ஒன்பது, பத்து வயதில் மூன்று வாக்கியங்கள். வாரத்தில் ஒருநாள் எழுதுவதற்குப் பதிலாகச் சொல்வதெழுதுதல். அதற்குரிய வரியைப் பிள்ளையின் கொப்பியிலிருந்தே எடுக்கலாம். என் வகுப்பில் இம்முறையைக் கைக்கொண்ட ஒரு சிறுவனின் கொப்பியில் முதல் மாதம் முழுவதும் "இன்று கால்பந்து விளையாடினேன்" என்ற வரியே திரும்பத் திரும்ப வந்தது. தாய் கவலைப்பட்டார். விடுங்கள் என்றேன். மூன்றாம் மாதத்தில் ஒருநாள் இப்படி எழுதியிருந்தான்: "அப்பாவுக்கு இரவு வேலை. பகலில் நித்திரை. நாங்கள் மெதுவாக நடந்தோம்." எமது புலம்பெயர் வாழ்வைப் பற்றி விழா மலர்களில் நான் வாசித்த கட்டுரைகள் பல. இந்த மூன்று வரி அளவுக்கு என்னை நிறுத்தியது எதுவுமில்லை.

இனி இலக்கணம். இலக்கணம் என்றவுடன் எம்மவர் பலர் ஆகுபெயரின் வகைகளையும் புணர்ச்சி விதிகளின் பெயர்களையும் நினைக்கின்றார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அவை தேவையில்லை. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1848 இல் சைவப் பள்ளியைத் தொடங்கிய ஆறுமுக நாவலர் இலக்கணச் சுருக்கமும் எழுதினார், பாலபாடங்களும் எழுதினார். சிறுவருக்கென்று படிப்படியாக அமைந்த வாசிப்பு நூல் வேறு, இலக்கண நூல் வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாம்தான் இரண்டையும் ஒரே பாடப்புத்தகத்தில் கலந்து, வாக்கியம் எழுதத் தெரியாத பிள்ளையிடம் "எழுவாய் என்றால் என்ன?" என்று பரீட்சையில் கேட்கின்றோம். அமெரிக்காவில் 2007 இல் வெளியான, மாணவர் எழுத்தாற்றல் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிக்கை ஒன்று, இலக்கணத்தைத் தனியாகப் பிரித்துக் கற்பிப்பதால் எழுத்து மேம்படுவதாகக் காணவில்லை. மாறாக, சிறு வாக்கியங்களை இணைத்துப் பெரிய வாக்கியமாக்கும் பயிற்சி பயன் தருகின்றது என்றது. அது ஆங்கிலத்தைப் பற்றிய அறிக்கை. ஆயினும் அப்பயிற்சி தமிழுக்கென்றே பிறந்தது போன்றது.

தம்பி வந்தான். தம்பி சாப்பிட்டான். இவ்விரண்டையும் ஒன்றாக்கு என்றால், "தம்பி வந்து சாப்பிட்டான்" என்று பிள்ளை சொல்லும். அதுவே வினையெச்சம். பெயரைப் பின்னர் சொல்லிக்கொள்ளலாம். மாமா நேற்று வந்தார். மாமா இனிப்புத் தந்தார். இங்கேதான் டொச் மொழி குறுக்கே வரும்: "மாமா இனிப்புத் தந்தார், யார் நேற்று வந்தார்" என்று எழுதிய பிள்ளைகளை நான் கண்டிருக்கின்றேன். "நேற்று வந்த மாமா இனிப்புத் தந்தார்" என்று நாள்தோறும் ஒன்று சொல்லிப் பழகினால், இரண்டு மாதங்களில் பெயரெச்சம் கைவந்துவிடும். வினை வாக்கியத்தின் இறுதியில் வரவேண்டும் என்பதற்கும் பிள்ளை அறிந்த டொச் மொழியையே துணைக்கு அழைக்கலாம். அம்மொழியில் "வைல்" என்ற சொல்லை, அதாவது "ஏனெனில்" என்பதைச் சொன்னவுடன் வினை வாக்கியத்தின் கடைசிக்கு ஓடிவிடும். "தமிழில் எப்போதும் அப்படித்தான்" என்று ஒருமுறை சொன்னேன். வகுப்பிலிருந்த பதினெட்டுப் பேரும் ஒரே கணத்தில் புரிந்துகொண்டார்கள். நான் பத்து ஆண்டுகள் வேறு விதமாக விளக்கிக்கொண்டிருந்தது வீண் என்பதும் எனக்குப் புரிந்தது.

"எனக்கு" என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு முழு மாதத்தை ஒதுக்கலாம். எனக்கு ஒரு தம்பி இருக்கின்றான், எனக்குப் பசிக்கின்றது, எனக்கு இது பிடிக்கும், எனக்குத் தெரியாது. ஐரோப்பிய மொழிகளில் பெரும்பாலும் "நான்" நிற்கும் இடங்களில் தமிழ் "எனக்கு" என்கின்றது. எம் பிள்ளைகளின் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒரே வாசலால் நுழைவதை எந்த ஆசிரியரும் கண்டிருப்பார்.

எழுத்துப் பிழைகளில் பெற்றோரை அதிகம் அச்சுறுத்துபவை ந, ன, ண என்னும் மூன்றும்தான். இதற்கு ஆறு சொற்கள் போதும்: தங்கம், மஞ்சள், வண்டி, பந்து, பாம்பு, கன்று. க வுக்கு முன் ங், ச வுக்கு முன் ஞ், ட வுக்கு முன் ண், த வுக்கு முன் ந், ப வுக்கு முன் ம், ற வுக்கு முன் ன். வல்லினத்துக்கு முன் அதன் இன மெல்லினம் என்று இலக்கணம் சொல்வதை இந்த ஆறு சொற்களும் செய்து காட்டுகின்றன. சொல்லின் முதலில் ன வும் ண வும் வாரா, ந மட்டுமே வரும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், நினைவில் வைக்க வேண்டிய சொற்கள் வெகுவாகக் குறைந்துவிடும். ழ, ள குழப்பம் வேறு வகையானது. எமது ஊர்ப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கின்றமையால், காதை நம்பிப் பயனில்லை. மழை, வாழை, கிழமை, பழம், தமிழ் என்று கண்ணுக்குப் பழக்க வேண்டும். வல்லெழுத்து மிகும் இடங்களில் இரண்டை மட்டும் கற்பியுங்கள்: "பள்ளிக்குப் போனேன்" என்பதில் உள்ள "கு", "வீட்டைப் பார்த்தேன்" என்பதில் உள்ள "ஐ". மற்றவற்றில் பெரியவர்களே தடுமாறுகின்றோம். பிள்ளைகளை ஏன் வதைக்க வேண்டும்?

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் "வாறன்" என்கின்றோம், கொப்பியில் "வருகிறேன்". "எங்கட" என்பது "எங்களுடைய" ஆகின்றது. "கதைக்கினம்" என்பது "கதைக்கிறார்கள்" ஆகின்றது. பிள்ளை "நான் வாறன்" என்று எழுதினால் அது பிழையான தமிழன்று. இடம் மாறி வந்த தமிழ். அதனைப் பிழை என்று சிவப்பு மையால் வெட்டும்போது, தாய் பேசும் மொழியே பிழை என்று பிள்ளை விளங்கிக்கொள்கின்றது. சுவிற்சர்லாந்தின் டொச் பகுதியில் வாழும் எம் பிள்ளைகளுக்கு இதனை விளக்கத் தேவையே இல்லை. வீதியில் சுவிஸ் டொச் பேசி, வகுப்பில் எழுத்து டொச் எழுதிப் பழகியவர்கள் அவர்கள். "தமிழிலும் அப்படியே இரண்டு உண்டு" என்றால் போதும். கொப்பியின் ஒரு பக்கத்தில் "சொல்வது", மறு பக்கத்தில் "எழுதுவது" என்று இரு நிரல்களாக எழுதப் பழக்கினால், பிள்ளைகள் அதனை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொள்கின்றார்கள்.

திருத்துவதைப் பற்றிப் பெற்றோரிடையே இரு கட்சிகள் உள்ளன. எல்லாவற்றையும் திருத்த வேண்டும் என்பது ஒன்று. எழுதினாலே போதும், திருத்தவே கூடாது என்பது மற்றது. யேர்மனியப் பள்ளிகளிலும் இந்த வாதம் நடந்தது. காதில் விழுந்தவாறு பிள்ளைகள் எழுதட்டும், பிழையைத் தொடக்கத்தில் திருத்தவேண்டாம் என்ற முறை இங்குள்ள ஆரம்பப் பள்ளிகள் பலவற்றில் நெடுங்காலம் பின்பற்றப்பட்டது. பொன் பல்கலைக்கழகத்தினர் சுமார் 3000 ஆரம்பப் பள்ளி மாணவரை ஒப்பிட்டு 2018 இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அரிச்சுவடி நூலின் வழி முறையாகக் கற்ற பிள்ளைகளே குறைந்த எழுத்துப் பிழைகளை விட்டனர். ஆகவே, திருத்தவே கூடாது என்பது எனக்கு உடன்பாடன்று. ஆனால் நாளொன்றுக்கு ஒரு பிழை மட்டும். மற்றைய பிழைகள் அடுத்த நாட்களுக்குக் காத்திருக்கட்டும். அவை எங்கும் ஓடிவிடப் போவதில்லை. வெளியே அனுப்பும் கடிதமாயின், திருத்தாமலே அனுப்புங்கள். அம்மம்மாக்கள் புள்ளி போடுவதில்லை.

"என் தமிழே பிழை, நான் எப்படிப் பிள்ளையைத் திருத்துவது?" என்று இன்று என்னிடம் கேட்பவர்கள், நான் முன்னர் கற்பித்த மாணவர்கள். இங்கே பிறந்து வளர்ந்து, இப்போது தாயும் தந்தையுமாகியிருக்கும் இளையோர். அவர்களுக்கு என் மறுமொழி: நீங்களும் ஒரு கொப்பியை எடுங்கள். பிள்ளை ஒரு வரி எழுதும்போது நீங்களும் அதே மேசையில் ஒரு வரி எழுதுங்கள். இரண்டையும் ஒளிப்படம் எடுத்து அப்பப்பாவுக்கு அனுப்புங்கள். திருத்தம் அங்கிருந்து வரும். சில வேளைகளில் அளவுக்கு அதிகமாகவே வரும்! அறுபதும் எழுபதும் தாண்டி, பேரப்பிள்ளைகளுடன் என்ன பேசுவது என்று அறியாமல் தொலைக்காட்சியின் முன் இருக்கும் முதியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்பதை நான் பார்த்திருக்கின்றேன்.

எழுத்து எதற்கு, குரற்செய்தி இருக்கின்றதே என்று சில இளையோர் வாதிடுகின்றனர். வட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்துகளால் தமிழை எழுதினாலும் புரிகின்றதே என்கின்றனர். புரிகின்றது, மறுக்கவில்லை. ஆனால் ஆங்கில எழுத்தில் ழ, ள, ல மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகிவிடுகின்றன. குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடுகின்றன. அவ்வாறு எழுதியதைத் தமிழ் அறிந்தவரே வாசிக்க முடியும், அதிலிருந்து எவரும் தமிழை அறிய முடியாது. வாசிப்பும் எழுத்தும் இல்லாத பேச்சுத் தமிழ் குசினியைத் தாண்டுவதில்லை. சாப்பிட்டாயா, குளித்தாயா, எப்போது வருவாய் என்பனவற்றுக்கு அது போதும். பதினைந்து வயதுப் பிள்ளை தன் தோல்வியையோ காதலையோ அரசியலையோ தாயிடம் சொல்ல முற்படும்போது, அந்தத் தமிழில் சொல் இருப்பதில்லை. உரையாடல் டொச் மொழிக்கு மாறுகின்றது; தாய்க்கு அது பாதிதான் விளங்குகின்றது. வீட்டுக்குள் மௌனம் குடியேறுவது அப்போதுதான்.

இந்த இடத்தில் எமது மேடைகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பேச்சுப் போட்டிகளில் பிள்ளைகள் அனல் பறக்கப் பேசுகின்றார்கள். அவர்களிற் சிலரது கையிலுள்ள தாளை வாங்கிப் பார்த்தால், முழுவதும் ஆங்கில எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கும். தாய் எழுதிக் கொடுக்கப் பிள்ளை மனனம் செய்தது. கிண்ணம் கிடைக்கின்றது, ஒளிப்படம் எடுக்கின்றோம். என் வேண்டுகோள் சிறியது: போட்டிகளின் பட்டியலில் இன்னுமொன்றைச் சேருங்கள். பிள்ளையின் ஓராண்டுக் கொப்பியை மேசையில் வைக்கட்டும். அதில் எத்தனை நாட்கள் எழுதப்பட்டுள்ளன என்று மட்டும் எண்ணிப் பரிசு கொடுங்கள். அழகையும் பிழையையும் பார்க்க வேண்டாம். நாட்களை எண்ணுங்கள்.

இளையோருக்கு இன்னொரு வேலை இருக்கின்றது. நாம் வாழும் நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநில அரசு, ஆரம்பப் பள்ளியை முடிக்கும் பிள்ளை பிழையின்றி எழுதத் தெரிந்திருக்க வேண்டிய 533 சொற்களைக் கொண்ட அடிப்படைச் சொற்பட்டியல் ஒன்றை 2019 இல் வகுத்துக் கொடுத்தது. ஐம்பதாயிரம் சொற்களுள் எவற்றை முதலில் என்று ஆசிரியரும் பெற்றோரும் தவிக்க வேண்டியதில்லை. இவற்றை முதலில் என்று சொல்லிவிட்டார்கள். எமது பிள்ளைகளுக்கும் அவ்வாறு ஒன்று வேண்டும். பனாட்டும் ஒடியலும் பின்னர் வரட்டும். பனி, தொடருந்து, கையுறை, படிக்கட்டு, பிறந்தநாள், பல் மருத்துவர், மழைச்சட்டை என்று அவர்கள் நாள்தோறும் தொட்டு வாழும் பொருட்களின் பெயர்கள் அதில் முதலில் இருக்க வேண்டும். இங்குள்ள பல்கலைக்கழகங்களில் ஆசிரியப் பயிற்சி பெற்ற எம் பிள்ளைகள் இப்போது பலர் இருக்கின்றார்கள். டொச் மொழிப் பட்டியலின் பின்னால் உள்ள முறை அவர்களுக்குத் தெரியும். தமிழ் எமக்குத் தெரியும். ஒரு கோடை விடுமுறைக்குள் சேர்ந்து செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

எனது வகுப்பில் நாங்கள் சிறிய அளவில் தொடங்கிவிட்டோம். பிள்ளைகள் தம் கொப்பிகளிலிருந்து அதிகம் வரும் சொற்களைப் பொறுக்கி எடுத்துச் சுவரில் ஒட்டுகின்றார்கள். பட்டியல் இருநூறைத் தாண்டிவிட்டது. சென்ற மாதம் "பாண்" என்ற சொல்லைச் சேர்க்கலாமா என்று பெரிய விவாதம் எழுந்தது. அது போர்த்துக்கீசியச் சொல், பட்டியலில் இடம் கொடுக்கலாகாது என்று பெற்றோர் ஒருவர் வாதிட்டார். அப்படியாயின் அவர் அமர்ந்திருக்கும் கதிரையும், முன்னாலுள்ள மேசையும் அங்கிருந்து வந்தவையே என்று பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து சொன்னாள். அவற்றையும் எடுத்துவிட்டால் நின்றுகொண்டுதான் எழுத வேண்டும் என்றாள். வாக்கெடுப்பு நடந்தது. பாண் சேர்க்கப்பட்டது, றன்னகரம் அன்று, டண்ணகரம் என்ற குறிப்புடன்.